ஓடைக்கரையில் ஒரு பங்கு

பணி நிறைவு பெறும் பேராசிரியர் ஜெபகனி அம்மையாருக்குத் துறையினர் வாசித்தளிக்கும் அன்பு மடல்

கற்பித்தலைக் கடனாகவும் கண்டிப்பைக் கருணையாகவும் கொண்டு எங்கள் துறையைக் கட்டிக்காத்த பெருமாட்டியே! கோட்டாற்றுக் கடைத்தெருவின் இரைச்சலையும் வென்றுவிடும் குரலால், கடைசி வரிசையில் கண்ணயர்ந்தவருக்கும் கான்கிரீட்டின் வலிமையைக் காதில் ஏற்றிய பேராசானே! மண்ணையும் மணலையும் மட்டுமன்றி மனிதர் மனத்தையும் சலித்துப் பார்த்துத் தரம் கண்ட மாண்பே! வணக்கம்.

உங்களுக்குச் சூட்டப் பட்டங்கள் எங்களிடம் குறைவின்றி இருந்தன. ஆனால் நேற்றுத் தேநீர் வேளையில், "சும்மா புகழ்ந்து எழுதி வச்சியன்னா நான் நடுவுலயே எழும்பிப் போயிருவேன், கேட்டியளா" என்று நீங்கள் எச்சரித்துவிட்டீர்கள். எழும்பிப் போகக்கூடியவர்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே நடந்த ஒன்றை நடந்தபடியே இந்த அவைக்குச் சொல்லத் துணிந்தோம். ஓடைக்கரைக் கதையை அரைகுறையாகக் கேட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்கள் பொருட்டு, எதிரில் அமர்ந்திருக்கும் உங்களையே படர்க்கையில் நிறுத்திச் சொல்கிறோம், பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன், பொறியியல் மாணவர்களின் நிலைத்த வளர்ச்சித் திட்டங்களுக்கு நிதியுதவி தருவதாக ஓர் அறிவிப்பு நம் கல்லூரிக்கு வந்தது. ஊரில் உள்ள ஒரு சிக்கலை, நீரையும் நிலத்தையும் கெடுக்காமல் தீர்க்கும் வழியை மாணவர்களே வகுத்து எழுதி அனுப்ப வேண்டும். தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்த நேரம் அது. துறைக்கு ஒரு திட்டமாவது போயாக வேண்டும் என்று முதல்வர் கேட்டுக்கொண்டார். எங்கள் துறையில் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்த சுபிதாவும் வினோஜும் முன்வந்தார்கள். சுபிதா கோட்டாற்றில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். வாய்த்துடுக்கு உண்டு, உழைப்பும் உண்டு. வினோஜ் சுசீந்திரத்தில் வயல் உள்ள வீட்டுப் பிள்ளை. எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். அவர்களுக்கு வழிகாட்டியாக ஜெபகனி அம்மையார் அமைந்தார்.

இருவரும் அந்த வாரமே ஒரு திட்டத்தோடு வந்து நின்றார்கள். சூரிய ஒளியில் இயங்கும் குப்பைத்தொட்டி. ஆள் பக்கத்தில் வந்தால் மூடி தானாகத் திறக்கும். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள் பளபளத்தன. அம்மையார் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தார். பிறகு, "இத எங்க வைக்கப் போறிய?" என்று கேட்டார்.

"எங்க வேணும்னாலும் வைக்கலாம் மேடம்" என்றான் வினோஜ்.

"அப்ப இது யாருக்கும் வேண்டாம், மக்களே."

திட்டம் எழுதுவதென்றால் முதலில் சிரமப்படுகிற ஓர் ஆளைத் தேடுங்கள், கருவியை அப்புறம் தேடலாம் என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்பினார். யாருக்குச் சிரமம், அதை எப்படி அளந்தீர்கள், குறைந்துவிட்டது என்று எதைக் கொண்டு சொல்வீர்கள், நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு அதைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை கணினியைத் தொடக் கூடாது என்பது கட்டளை.

பிள்ளைகள் அலைந்தார்கள். பேருந்து நிலையம், சந்தை, குளக்கரை என்று சுற்றிச் சலித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனார்கள். திரும்பும் வழியில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே குறுக்குப் பாதையில் வந்தபோது வினோஜ் மூக்கைப் பொத்தினான். பாதையோரத்து ஓடையில் வெள்ளையாக நுரை மிதந்தது. அந்தப் பக்கத்தில் ரப்பர் மரம் வைத்திருப்பவர்கள், வெட்டி எடுத்த பாலைத் தட்டுகளில் ஊற்றி ஆசிட் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்ததை, புரை என்று சொல்லும் கொட்டகையில் வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக அடிப்பார்கள். மிஞ்சுகிற புளித்த தண்ணீர் ஓடைக்குப் போகும். ஓடைக்குக் கீழே குடியிருந்த விக்டோரியா என்ற பெண், தன் கிணற்று நீரை ஒரு குவளையில் கோரி அவர்களிடம் நீட்டி, முகர்ந்து பார்க்கச் சொன்னார். துணி துவைக்கக்கூட ஆகாது, குடிக்கத் தண்ணீர் எடுக்க ரோடு வரை போகிறேன் என்றார். பிள்ளைகளுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மறுநாள் துறை அறையில் அவர்கள் ஓடையருகே எடுத்த படத்தை அம்மையாரிடம் காட்டினார்கள். தகரக் கூரை போட்ட புரை, அதன்மேல் சாய்ந்து நிற்கும் அயனி மரம், மூலையிலிருந்து ஓடைக்கு இறங்கும் வெண்ணிறக் கோடு. அது அவருடைய அப்பா கட்டிய புரை. அதில் அடித்த ஷீட்டை விற்றுத்தான் அப்பா அவரைப் பொறியியல் படிக்க வைத்தார். அப்பா காலமான பிறகு அண்ணன் நேசமணி அதை நடத்திவந்தார். பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. ஒரே இடத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது, மற்றப் புரைகளின் நீரையும் எடுத்துச் சோதியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்படிச் சொன்னது ஆய்வு முறைப்படி சரிதான். ஆனால் வேறொரு புரை இதைவிட மோசமாக இருந்துவிட்டால் நல்லதென்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதாகப் பின்னொரு நாள் அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

வேண்டுதல் பலிக்கவில்லை. அண்ணன் புரையின் நீர்தான் எல்லாவற்றிலும் மோசம். சோதனை முடிவு வந்த அன்று மாலை அம்மையார் சுபிதாவையும் வினோஜையும் உட்காரவைத்து, அது தன் அண்ணனுடைய இடம் என்று சொன்னார். வினோஜ் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. இடத்தை மாற்றிவிடலாம் மேடம் என்றாள் சுபிதா. அம்மையார் மறுத்தார். அவர்கள் எழுதிவந்த திட்டத்திலிருந்து படத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். யாரையும் கேட்காமல் எடுத்த படம் அது. விக்டோரியாவின் பெயரையும் அடித்துவிட்டு, 'ஓடைக்குக் கீழேயுள்ள ஒரு கிணறு' என்று மாற்றச் சொன்னார். அண்ணனைப் பற்றி எழுதியிருப்பதை அவர் முதலில் தங்கை வாயிலிருந்தே கேட்கட்டும் என்று, பிரதியை எடுத்துக்கொண்டு அந்த ஞாயிறு ஆலயம் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனார்.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டினார். 'பொறுப்பற்ற சிறு உற்பத்தியாளர்களால்' என்று ஒரு வரி வந்தது. அதைத் திருத்த மறந்துவிட்டோமே என்று வாசிக்கும்போதுதான் அம்மையாருக்கு உறைத்தது. அதுவரை குனிந்து கேட்டுக்கொண்டிருந்த நேசமணி நிமிர்ந்தார்.

"அப்பாக்க புரைய நாறுதுன்னு எழுதத்தான் ஒன்ன இஞ்சினியருக்குப் படிக்க வச்சாரா, ஜெபா?"

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. மகன் வளைகுடாவில் வேலை மாறி மாறி அலைந்துகொண்டிருந்தான். இப்படியொரு தாள் மேலே போனால் அதிகாரிகள் வருவார்கள், புரையைப் பூட்டுவார்கள் என்று அவர் பயந்தார். தங்கை எவ்வளவோ சொல்லியும் அந்தப் பயம் இறங்கவில்லை. கடைசியில், யார் இதை அந்தப் பிள்ளைகளிடம் சொன்னது என்று கேட்டார். அம்மையார் சொல்ல மறுத்தார். நேசமணி, "கீழ ஒரே ஒரு கிணறுதான் உண்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

விக்டோரியாவின் கணவர் எட்சன், நேசமணியின் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். மறுநாள் காலையில் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விக்டோரியா தொலைபேசியில் அம்மையாரைக் கூப்பிட்டார். அழவில்லை, ஏசவும் இல்லை.

"அக்கா, தண்ணி நாறிச்சு, செரிதான். ஆனா அடுப்பு எரிஞ்சுது."

அவ்வளவுதான் சொன்னார். அன்று அம்மையார் வகுப்பு எடுத்தார், தேர்வுத்தாள் திருத்தினார், எங்களோடு தேநீர் குடித்தார். குவளை கையில் இருக்கும்போதே, "அந்தத் திட்டத்த நான் அனுப்பல்ல" என்றார்.

முதல்வருக்கு வருத்தம். எழுதி முடித்த திட்டம், துறையின் ஒரே திட்டம். தர மதிப்பீட்டுக்கு என்ன காட்டுவது என்று கேட்டார். என் பேரில் குறை எழுதிக்கொள்ளுங்கள் என்று அம்மையார் பணிவாகச் சொல்லிவிட்டார். சுபிதாவைச் சமாளிப்பதுதான் கடினமாக இருந்தது. அவள் கண் கலங்க வந்து நின்றாள்.

"நாம எழுதுனது உண்மைதானே மேடம்?"

"உண்மைதான் மக்களே. அந்த உண்மைக்கு வெலைய எட்சன் குடுத்துட்டாரு. நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல பாத்தியா, அதுதான் எனக்குப் பொறுக்கல்ல."

அந்த ஆண்டு எங்கள் துறையிலிருந்து திட்டம் எதுவும் போகவில்லை.

எட்சனுக்கு வேறு தோட்டத்தில் வேலை கேட்டு அம்மையார் பலரிடம் பேசினார். எங்கேயும் ஆள் வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், மறுபடியும் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணன் முகம் கொடுக்கவில்லை. அம்மையார் சுற்றிவளைக்காமல், அப்பாவின் சொத்தில் தனக்குள்ள பங்கைக் கேட்க வந்திருப்பதாகச் சொன்னார்.

இதைக் கேட்கும் உங்களில் பலருக்கு அந்தச் சொல் அந்த வீட்டில் எப்படி விழுந்திருக்கும் என்பது புரியும். நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தால் கணக்கு அதோடு தீர்ந்தது என்பது வழக்கம். சட்டம் வேறு விதமாகச் சொன்னாலும் கூடப்பிறந்தவனிடம் போய் அதைக் கேட்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும். அம்மையார் அதுவரை கேட்டதில்லை, கேட்க நினைத்ததும் இல்லை.

"ஒனக்குள்ளத கல்யாணத்துக்கே தந்தாச்சே" என்றார் நேசமணி.

"தந்திய. நான் இல்லன்னு சொல்லல்ல. மரம் வேண்டாம், வீடு வேண்டாம். புரைக்குப் பொறத்த அந்தத் தண்ணி ஒழுகுற மூலை இருக்குல்லியா, அத மட்டும் எனக்க பேருல எழுதித் தா அண்ணா."

"அந்தச் சகதியிலயா? அதுல என்ன இருக்கு?"

"நாத்தம் இருக்கு. இனி அது எனக்க நாத்தமா இருக்கட்டும். ஆபீசர் வந்தா எனக்க பேரத்தான் எழுதுவான். ஒனக்க புரைய ஒருத்தனும் தொடமாட்டான்."

எட்சனைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்தார். அதன்பின் பல வாரங்கள் அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆலயத்தில் கண்டால் தலையசைப்பதோடு சரி. சொத்துக்கு ஆசைப்பட்டு வந்துவிட்டாள் என்று உறவினர் பேசியது அம்மையார் காதுக்கும் எட்டியது. எங்களிடம் அவர் முகம் வாடாமல்தான் இருந்தார். ஆனால் அந்த நாட்களில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுவார் என்று மாணவர்கள் சொன்னார்கள்.

முதலில் எட்சனுக்கு அழைப்பு வந்தது. அதைப் பாசத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. எட்சனுக்குப் பதிலாக வந்தவர் கத்தியை ஆழ இறக்கிப் பட்டையைப் பாழாக்கிவிட்டார். மரங்களைப் பார்க்க நேசமணிக்கு மனம் பொறுக்கவில்லை. பிறகு ஒரு நாள் தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "பத்திர ஆபீசுக்கு ஒண்ணு வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அந்தச் சகதி மூலை அப்படித்தான் அம்மையார் பெயருக்கு வந்தது.

அடுத்த ஆண்டு அதே அறிவிப்பு மறுபடியும் வந்தது. சுபிதாவும் வினோஜும் அப்போது இறுதியாண்டு. அம்மையார் முதல்வரிடம் போய், இடத்துக்குச் சொந்தக்காரி தானே என்பதால் இந்தத் திட்டத்துக்கு வழிகாட்டியாக இருப்பது முறையாகாது என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டார். எங்கள் துறையின் அஸ்வதி அந்தப் பொறுப்பை ஏற்றார். தான் பெரிதும் விரும்பிய திட்டத்தில் பேராசிரியர் என்ற பெயரை இழந்துவிட்டு, பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலக்காரியாக அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம்.

திட்டத்தை அவர்கள் இந்தமுறை அந்த மூலையிலேயே உட்கார்ந்து எழுதினார்கள். விக்டோரியா இருந்தார், எட்சன் இருந்தார், கொஞ்சம் தள்ளி, ஆனால் எல்லாம் காதில் விழும் தூரத்தில் நேசமணியும் இருந்தார். 'பொறுப்பற்ற' என்ற வரியை வினோஜ் தானாகவே நீக்கினான். கழிவுநீர் போக இந்தப் பகுதியில் வேறு வழியே அமைக்கப்படவில்லை என்று எழுதி அதை நேசமணிக்குப் படித்துக் காட்டினான். புளித்த நீரை மூடிய தொட்டியில் விட்டு, அதிலிருந்து எரிவாயு எடுத்து, தெளிந்து வரும் நீரைத் தென்னைக்குப் பாய்ச்சுவது என்று தீர்மானமானது. வாயுவை யார் வீட்டு அடுப்புக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. நேசமணிதான், கீழே கொடுங்கள், மேலே ஏற்றுவதைவிடக் குழாயும் குறைவு என்றார். தொட்டியைத் தினமும் பார்த்துக்கொள்ள எட்சனும் விக்டோரியாவும் ஒத்துக்கொண்டார்கள். திட்டத்தில் கையெழுத்திட்டவர்கள் அத்தனை பேரும் அதில் தங்களைப் பற்றி எழுதியிருப்பதைத் தமிழில் கேட்டபிறகுதான் கையெழுத்திட்டார்கள்.

நேர்காணலில், நிதி முடிந்த பிறகு இதை யார் நடத்துவார்கள் என்று கேட்டார்கள். சுபிதா ஆங்கிலத்தில் தடுமாறி, பின் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, இந்த அடுப்பில் சமைக்கப் போகிறவர்கள் என்று சொன்னாள். கேட்டதைவிடக் குறைவாகத்தான் ஒதுக்கினார்கள். ஆனாலும் ஒதுக்கினார்கள்.

தொட்டி கட்டிய பின்னும் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. உள்ளே போன நீர் அளவு கடந்து புளித்து, வாயு வராமல், நாற்றம் முன்பைவிட அதிகமாயிற்று. பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடி வந்து சத்தம் போட்டார்கள். நேசமணி தங்கையைக் கூப்பிட்டு, "ஒனக்க மூலைய வந்து பாரு" என்றார். அம்மையார் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினார். போய்ப் பார்த்தால், அண்ணன் முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எட்சனோடு சேர்ந்து சாணமும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் சோதித்துச் சொன்ன அளவுதான் அது. செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

மெல்ல மெல்லத் தொட்டி ஒழுங்குக்கு வந்தது. விக்டோரியாவின் அடுப்பில் நீல நிறத்தில் தீ எழும்பியது. கிணறு இன்னும் குடிக்கத் தகுந்ததாகிவிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே இன்னும் பல புரைகளின் நீர் ஓடைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆனால் விக்டோரியா இப்போது அந்த நீரில் துணி துவைக்கிறார். நுரை மிதந்த இடத்தில் தவளைகள் வந்துவிட்டன.

திட்டம் நிறைவேறியதைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வந்தார். சுபிதாவும் வினோஜும் வேலைக்குப் போயிருந்தாலும் விடுப்பில் வந்து நின்றார்கள். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தொட்டியருகே நின்றிருந்த அம்மையாரைச் சுட்டி, இவர்கள் யார் என்று நேசமணியிடம் கேட்டார். பேராசிரியர் என்று அஸ்வதி சொல்ல வாயெடுப்பதற்குள் நேசமணி முந்திக்கொண்டார்.

"எனக்க பங்காளி, சார்."

அண்ணன் தம்பிகளும் பெரியப்பன் சித்தப்பன் மக்களும் ஆண் வழியில் மட்டுமே ஒருவரையொருவர் சொல்லிக்கொள்ளும் சொல் அது. கூடப்பிறந்த தங்கையை யாரும் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. நேசமணி தவறாகச் சொல்லிவிட்டாரோ என்று அதிகாரி சிரித்தார். நேசமணி சிரிக்கவில்லை. அம்மையார் சட்டென்று குனிந்து, நன்றாக இருந்த வால்வை வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தார்.

அம்மையீர்! படர்க்கையில் நிறுத்தியது போதும். மறுபடியும் உங்கள் முகம் பார்த்துப் பேசுகிறோம். எத்தனை ஆண்டுகள் பணியாற்றினீர்கள், எத்தனை பேரைப் பொறியாளராக்கினீர்கள் என்பதைக் கல்லூரி அலுவலகம் சொல்லும். உங்கள் அருகே இருந்து நாங்கள் கண்டதை இங்கே சொல்லிவிட்டோம். உங்கள் வழிகாட்டலில் உருவான நல்ல திட்டம் ஓர் ஏழை வீட்டு அடுப்பை அணைத்தபோது அதை நிறுத்தத் துணிந்த நெஞ்சுரத்தையும், பேரும் பெருமையும் வரும் வேளையில் நாற்காலி மாறி உட்கார்ந்த நேர்மையையும் நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம். இப்போதெல்லாம் எங்கள் மாணவர் ஒருவர் திட்டம் எழுதினால், அதில் வரும் மனிதர்கள் அதைக் கேட்டாயிற்றா என்பதுதான் துறையில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி.

ஓய்வு பெற்றதும் ஓடையின் மேற்பகுதிப் புரைகளுக்கு ஒவ்வொன்றாகப் போகப் போகிறீர்கள் என்று அறிகிறோம். ஏற்றம் இறக்கம் மிகுந்த அந்தப் பாதைகளில் உங்கள் முழங்கால்கள் உங்களுக்கு உற்ற துணையாகட்டும்! உண்ணும் உணவு ஒத்துப்போகட்டும், உறங்கும் உறக்கம் ஆழமாகட்டும், உங்கள் இல்லத்தார் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்! மழை தவறாத மண்ணில் மனம் தளராத முதுமை வாய்த்து, நெடுங்காலம் நீங்கள் நலமுடன் வாழ நெஞ்சார வேண்டுகிறோம்.

ஆய்வகச் சாவியையும் அடையாள அட்டையையும் இன்று மதியம் ஒப்படைத்துவிட்டீர்கள். எங்களைத் திருத்தும் உரிமையை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அம்மையீர். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எங்களில் யாருக்கும் மனமில்லை.

உங்கள் அன்பில் வளர்ந்து, உங்கள் கண்டிப்பில் நிமிர்ந்த,
கட்டுமானப் பொறியியல் துறைப் பேராசிரியர்கள், ஆய்வகத்தார், அலுவலகத்தார்